நானூற்றுப் பதினேழாம் அடியில் நின்ற வெள்ளைப் பொட்டு

திருச்செங்கோட்டில் நம் அலுவலகம் இருக்கும் அந்த மாடியில் நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதல் வருடம் கூட்டிப் பெருக்கி, டீ போட்டேன். மீதி வருடங்கள் உட்கார்ந்து படம் பார்த்தேன். படம் பார்க்கிறதுக்கு ஒரு சம்பளமா என்று என் தங்கச்சி வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்டுச் சிரிக்கிறார். அது ஒரு வேலைதான் என்று எனக்கே நம்பிக்கை வருவதற்கு நாள் ஆயிற்று.

நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள். உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி அலுவலகத்தில் கேட்டபோது, வேண்டாங்க என்றுதான் முதலில் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. படித்தவர்களும் செய்யக்கூடிய தப்பு. அதை மட்டும் எழுதலாம் என்று தோன்றியது.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வருவது நின்றுபோன ஆழ்துளைக் கிணற்றில், அந்தப் போர்க் குழிக்குள், கயிறும் கம்பியும் கட்டிக் கேமராவை இறக்குகிறார்கள். கேமராவைச் சுற்றி விளக்கு எரியும். அது பார்க்கிறதெல்லாம் மேலே நிற்கும் வண்டிக்கு வந்து, அங்கே ஒரு செல்போன் வழியாகக் காற்றில் ஏறி, கோபுரம் கோபுரமாகத் தாண்டி நம் மாடிக்கு வந்து சேரும். எங்கள் பக்கம் வயலைக் காடு என்போம்; நாலு காட்டில் நாலு வண்டி நிற்கும். ஆனால் பாறையைப் படித்தவர் ஒருவர்தான். அதனால் படம் அவரைத் தேடி வருகிறது. அவர் பார்த்துத் தண்ணீர் உண்டு, இல்லை என்பார். அவர் சொல்லை வைத்து அங்கே ஒரு குடும்பம் மேற்கொண்டு என்ன செய்வதென்று முடிவு எடுக்கும்.

முதன்முதலில் அந்தப் படத்தைக் கையில் துடைப்பத்தோடுதான் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. திரையில் வட்டமாக ஒரு குழி. குழியைச் சுற்றிக் கல் ஈரமாக மினுங்கியது. ஓரத்தில் அறுநூற்று இரண்டு என்று எண். அத்தனை அடி ஆழம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கல் உண்டான நாளிலிருந்து அந்த இடத்தில் வெளிச்சம் பட்டிருக்காது. இப்போதுதான் முதன்முதலாகப் படுகிறது, அதைப் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது மட்டும்தான் அதுவரை எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. பெருக்க மறந்து நின்றுவிட்டேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் என்னைவிட முப்பது வயது இளையவள். படத்தைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிற அந்தக் கம்ப்யூட்டர்க் கணக்கையெல்லாம் எழுதியவள் அவள்தான். பேரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் கூப்பிட்டபடியே அம்மிணி என்று எழுதுகிறேன்.

ஒரு நாள் டீ கொண்டுபோய் வைத்தபோது அம்மிணி சொன்னாள். “பெரிம்மா, டம்ளர வெச்சுட்டு இங்க சித்த உக்காருங்க.”

“ஐயோ, எனக்கு என்னத்தத் தெரியும் அம்மிணி!”

“தெரியாதவங்கதான் எனக்கு வேணும். எங்க கண்ணெல்லாம் கெட்டுப்போச்சு. படத்தப் பாத்தா எங்களுக்குக் கணக்குத்தான் தெரியுது.”

நாற்பது துண்டுப் படங்கள் ஓடின. ஒவ்வொன்றும் பத்து விநாடி இருக்கும். காகிதத்தில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். படத்தின் எண், பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை மார்க், அதற்கும் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். படம் கண்ணுக்கு எப்படி இருக்கிறதோ அந்த மார்க் போட்டால் போதும், குறிப்பு இருந்தால் எழுதுங்கள் என்றாள். நான் மார்க் போட்டேன். குறிப்பு எழுதவில்லை. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அதை இன்ஜினியர்கள் படிப்பார்கள் என்று நினைத்தாலே பேனா நகரவில்லை.

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தாள். ஒரே படத்தை ஆறு இடத்தில் ஒளித்துச் சொருகியிருக்கிறாள். பார்க்கிறவர்கள் நிதானமாகப் பார்க்கிறார்களா என்று சோதிக்கிற வழியாம் அது. ஆறு இடத்திலும் நான் ஒரே மார்க் போட்டிருந்தேன்.

“இதுக்கு முன்னால எங்க வேல பாத்தீங்க பெரிம்மா?”

“நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைங்க. முட்டை பாக்கற வேலைங்க.”

“முட்டைல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

சொன்னேன். இருட்டு அறையில் கீழே விளக்கு எரியும். மேலே முட்டைகள் வரிசையாக உருண்டு போகும். வெளிச்சம் முட்டைக்குள் புகுந்து வரும். விரிசல், ரத்தப் பொட்டு, காற்றறை பெருத்தது எல்லாம் தெரியும். கெட்டதைப் போகிற போக்கில் எடுத்துவிட வேண்டும். பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன்.

“அட சாமி!” என்று அம்மிணி கையைத் தட்டினாள். “உங்களுக்குப் போயித் துடைப்பத்தக் குடுத்து வெச்சிருக்கறோம் பாருங்க.”

அன்றோடு நான் பார்வைக்காரி ஆனேன்.

அந்த வேலையை எனக்குப் புரியவைத்ததும் முட்டையை வைத்துத்தான். “பெரிம்மா, இந்தப் படத்த அப்படியே முழுசா அனுப்ப முடியாது. வழி மோசம். சிக்னல் பாதி எடத்துல வரும், பாதி எடத்துல வராது. அதனால முட்டை அடுக்கற மாதிரி மூணு தட்டாப் பிரிச்சு அடுக்கறேன். முதல் தட்டுல படத்தோட எலும்பு மட்டும். அது மட்டும் வந்தாக்கூடப் படம் தெரியும், மங்கலாத்தான் தெரியும். ரெண்டாம் தட்டு வந்தா அதுமேல சதை. மூணாவது வந்தா தோலு, ரோமம் எல்லாம்.”

“முதல் தட்டு ஒடைஞ்சுபோச்சுன்னா?”

“ஒடையவே கூடாது. அதனாலதான் அத ரெண்டு தடவ அனுப்பறேன். மத்த ரெண்டும் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். ஆனா முதல் தட்டு இல்லாம மத்தது வந்து ஒரு பிரயோசனமும் இல்ல.”

நான் அன்று வீட்டுக்குப் போகும்போது ஈரோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். இந்தக் காற்றில், இந்த வெயிலில், என் தலைக்கு மேலே எத்தனை தட்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன! எத்தனை உடைகின்றன, எத்தனை வழி தப்புகின்றன! இருந்தும் எங்கேயோ ஒரு திரையில் அத்தனையும் தேடிப் பொறுக்கி வந்து தன் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறதே! யாரும் ஆச்சரியப்படாமல் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆச்சரியம் எனக்குக் குறையவில்லை.

இனி தப்புக்கு வருகிறேன்.

நாலைந்து வருடம் போயிருக்கும். அம்மிணி ஒரு புது வழி செய்து பார்த்தாள். இரண்டாம் தட்டும் மூன்றாம் தட்டும் வராத இடத்தில் படம் மங்கலாகிவிடுகிறது அல்லவா, அந்த இடத்தில் சற்று முன்னால் தெளிவாக வந்திருந்த பழைய துண்டையே எடுத்து ஒட்டிவிடுவது. அடுத்த தெளிவான துண்டு வந்ததும் மாற்றிக்கொள்வது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்று அவளோடு வேலை பார்த்த பையன்கள் சொன்னார்கள். தெரிகிறதா இல்லையா என்று சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம். என்னைப்போல இன்னும் மூன்று பேரை உட்காரவைத்துப் படம் போட்டார்கள்.

அதில் ஒரு துண்டு நம் பஸ் ஸ்டாண்டில் எடுத்தது. சேலம் பஸ் ஒன்று பின்னால் வந்து திரும்பிப் போகிறது. வெயில், சுவர், பூக்காரி எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவு. பஸ் போய்விட்டது. ஆனால் அதன் முதுகில் ஒரு சாண் அகலம் மட்டும், சிவப்பாக, சுவரின் மேல் நின்றது. கண் இமைக்கிற நேரம்தான். பிறகு மறைந்துவிட்டது.

நான் அதைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பஸ் போன பிறகும் பஸ்ஸில் ஒரு துண்டு நிற்கிறதே என்று வேடிக்கையாகக்கூட இருந்தது. ஆனால் படம் உடையவில்லை, குலுங்கவில்லை, மங்கவில்லை. கேட்டது மார்க். படம் அழகாக இருந்தது. ஐந்து போட்டேன். பக்கத்தில் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. ‘பஸ் போன பின்னும் கொஞ்சம் நின்றது’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இதை எழுதினால், ‘இதெல்லாம் இந்த அம்மாவுக்கு ஏன்?’ என்று யாராவது சிரிப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

மற்ற மூன்று பேரும் ஐந்துதான் போட்டார்கள். ஆனால் அவர்கள் அந்தச் சிவப்புத் துண்டைப் பார்க்கவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். பார்த்தும் எழுதாதவள் நான் ஒருத்தி. அந்த மார்க்கை வைத்துத்தான் புது வழி எல்லா வண்டிக்கும் போயிற்று. முதலில் கண் இமைக்கும் நேரம் ஒட்டிய துண்டை, சிக்னல் வரும்வரை எத்தனை நேரம் ஆனாலும் ஒட்டி வைக்கலாம் என்று பிறகு தளர்த்திக்கொண்டார்கள். வாடிக்கையாளர்கள் சந்தோஷப்பட்டார்கள். படம் நெம்பத் தெளிவுங்க என்று போன் செய்து சொன்னார்கள்.

அடுத்த சித்திரையில் மேச்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டில் நம் வண்டி நின்றது. காட்டுக்காரர் பெயர் குழந்தைவேலு. அறுபது ஆடு வைத்திருந்தார், மேச்சேரி ஆடு. அவருடைய போரில் தண்ணீர் நின்று ஒரு மாதம். ஊர்க் குட்டையும் வறண்டுவிட்டது. டிராக்டரில் தண்ணீர் வாங்கி ஊற்றி அலுத்துப்போய், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நம்மைக் கூப்பிட்டிருந்தார். போரில் தண்ணீர் இல்லையென்றால் ஆடு அத்தனையும் அன்றைக்கே போய்விடும். ஆட்டு வியாபாரி டெம்போவோடு பக்கத்திலேயே நிற்கிறார் என்று வண்டியில் இருந்தவர் சொல்லியிருந்தார்.

உச்சி வெயில் நேரம். நம் மாடியில் பாறை படித்தவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். காலையிலிருந்து அவருக்கு அது மூன்றாவது போர். பக்கத்து மேசையில் அம்மிணி. ஓரத்தில் நான், என் கட்டம் போட்ட காகிதத்தோடு. போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் ஸ்பீக்கரில் வைத்திருந்தார்கள். அந்தக் காட்டில் சிக்னல் ரொம்ப மோசம். படம் அனுப்புகிற செல்போனை ஒரு மூங்கில் நுனியில் கட்டித் தூக்கிப் பிடித்துத்தான் இணைப்பே கிடைத்தது. அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று.

ஆனால் படம் தெளிவாகத்தான் இருந்தது. கேமரா இறங்க இறங்க ஓரத்தில் எண் ஓடியது. நானூறு, நானூற்றுப் பத்து, நானூற்று இருபது. காய்ந்த கல். வரிவரியாகச் சாம்பல் நிறம். ஒரு சொட்டு ஈரம் இல்லை. நானூற்று ஐம்பது. நானூற்று அறுபது.

போனில் குழந்தைவேலுவின் குரல் வந்தது. “சார், என்னுங்க ஆச்சு? யாவாரி டெம்போவத் திருப்பி நிறுத்திட்டாருங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க. நானும் மனசத் தேத்திக்கறேன்.”

அவருக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. “படம் பாத்துட்டு நின்னா ஆட்டுக்குத் தாகம் அடங்கிருமா மாப்ள? ஏத்து, ஏத்து. பொழுது போகுது.”

ஆடுகள் கத்துவதும் கேட்டது. வெயிலில் நிற்கிற ஆட்டின் சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

சார் பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் படத்தில் ஏதோ உறுத்தியது. கேமரா கீழே இறங்கும்போது பக்கத்துக் கல் நடுவிலிருந்து பிறந்து, ஓரத்தை நோக்கி ஓடி, வட்டத்தை விட்டு வெளியே போய்விடும். வலது பக்கம் அப்படித்தான் கல் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. நெல்லளவு வெள்ளைக் கல், பாறையில் பதிந்தது. அது ஓடவில்லை. நின்றது. எண் ஓடுகிறது, கேமரா இறங்குகிறது, பொட்டு நிற்கிறது. எப்போதிருந்து நிற்கிறது? என் காகிதத்தைப் பார்த்தேன். பழக்கத்தில், கண்ணில் பட்டவுடன் ஒரு புள்ளி வைத்து எண் எழுதியிருந்தேன். நானூற்றுப் பதினேழு. அதற்கப்புறம் நாற்பது அடிக்கு மேல் இறங்கியாயிற்று. அந்தப் பக்கத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

“ஏனுங்க சார்” என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சார் போன் பக்கம் குனிந்துவிட்டார்.

“ஏனுங்க சார்! சித்த இருங்க!”

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். நான் அந்த மாடியில் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

“என்ன பெரிம்மா?” என்றாள் அம்மிணி.

“அந்த வெள்ளப் பொட்டு நகர மாட்டேங்குது அம்மிணி.”

சார் திரையைப் பார்த்தார். “லென்ஸ்ல சேறு ஒட்டியிருக்கும்மா. மேல வந்தாத் தொடச்சுக்குவாங்க.”

யார் கேட்டாலும் நியாயமான பதில். நானும் உட்கார்ந்திருப்பேன். ஆனால் முட்டை அறையில் பதினோரு வருடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அழுக்கு கண்ணாடியில் இருக்கிறதா, முட்டைக்குள் இருக்கிறதா என்பது.

“சேறு இல்லீங்க சார். கண்ணாடில ஒட்டுனது இத்தனை சுத்தமாத் தெரியாதுங்க, மங்கலாத்தான் தெரியும். இதோட ஓரத்தப் பாருங்க, சுத்தியும் கத்தரில வெட்டுன மாதிரி நேரா இருக்குது. இது கல்லுங்க. மேல நாம தாண்டி வந்த கல்லு.”

சார் சிரித்துவிட்டார். “தாண்டி வந்த கல்லு எப்படிம்மா கூடவே வரும்? கேமராவப் புடிச்சுட்டுத் தொங்குதா?”

பையன்கள் சிரித்தார்கள். என் காது சூடேறியது. அப்போது நான் அம்மிணியைப் பார்த்துச் சொன்னேன். “போன வருசம் பஸ்ஸு படம் ஒண்ணு போட்டீங்களே. பஸ்ஸு போயிருச்சு. அதோட முதுகு ஒரு சாண் மட்டும் நின்னுச்சு. நான் பாத்தேன் அம்மிணி. பாத்துட்டும் எழுதல. அஞ்சு மார்க் போட்டுட்டேன்.”

அம்மிணியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை நான் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள்.

“சார், பெரிம்மா சொல்றது சரியா இருக்கலாம். இடது பக்கத்துக்குத் தெளிவான துண்டு வரவே இல்ல. பழசையே ஒட்டிட்டு இருக்குது. ஒட்டறத நிறுத்தணும்னா இங்க நிறுத்தித் திறக்கணும். இணைப்புப் போயிரும். மறுபடி கிடைக்குமான்னு சொல்ல முடியாது.”

சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லாமல் பார்த்தார்.

“உறுதியாச் சொல்றீங்களாம்மா?”

உறுதி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பாறையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மிணியின் கணக்கும் தெரியாது. அந்தப் பொட்டைத்தான் தெரியும்.

“கல்லுங்க” என்றேன்.

சார் போனில் சொன்னார். “குழந்தைவேலு, ஆட்ட ஏத்த வேண்டாம். கேமரா அங்கேயே நிக்கட்டும். கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்கறதத் தவிர எனக்கு வேற என்னங்க சார் தெரியும்” என்றார் அவர்.

அம்மிணி நிறுத்தினாள். திரை கறுத்தது.

அந்தக் கறுப்பு எத்தனை நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் என்றார்கள் பிறகு. மூங்கிலை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பு என்று போனில் யாரோ யாருக்கோ சொன்னார்கள். வியாபாரி ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். என் பேச்சைக் கேட்டு, இருந்த படத்தையும் தொலைத்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

பிறகு திரையில் சாம்பல் நிறம் அசைந்தது.

அது படம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஈரத் துணிக்குப் பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. கல்லில் வரி இல்லை, மினுக்கம் இல்லை. வட்டம் மட்டும் வட்டமாக இருந்தது. முதல் தட்டு. எலும்பு மட்டும். ஆனால் வெள்ளைப் பொட்டு போய்விட்டது. அது இருந்த இடத்தில், மங்கலான அந்தச் சுவரின் மேல், ஒரு வெளிச்ச நூல் நெளிந்தது. மேலிருந்து கீழே நெளிந்து நெளிந்து இறங்கியது. அந்த மங்கலில் அசைகிற பொருள் அது ஒன்றுதான்.

சார் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“தண்ணி” என்றார். ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டே கேமராவை மெல்ல மேலே ஏற்றினார்கள். நானூற்று ஐம்பது, நாற்பது, முப்பது. நானூற்று இருபத்தொன்றில், அந்த வெள்ளைக் கல்லுக்கு நாலு அடி கீழே, பாறையில் ஒரு வாய் திறந்திருந்தது. சேறு அடைத்திருந்தது. அடைப்பின் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீர் வரும் வழி வறளவில்லை. அடைத்துக்கொண்டிருந்தது.

அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது தண்ணீர்கூட இல்லை. அம்மிணி நாற்காலியில் பின்னால் சாய்ந்து சொன்ன ஒரு வார்த்தை. “பெரிம்மா, முதல் தட்டு ஒரு நிமிசம்கூட நிக்கல. அந்த மோசமான சிக்னல்லயும் அது பாட்டுக்கு வந்துட்டே இருந்திருக்குது. நாமதான் அதுமேல பழைய அழகான துண்டப் போட்டு மூடி வெச்சிருந்தோம்.”

நினைத்துப் பாருங்கள். நானூறு அடிக்குக் கீழே நெளிகிற ஒரு நூல் தண்ணீர். அது கம்பியில் ஏறி, மூங்கில் நுனியில் கட்டிய ஒரு செல்போனிலிருந்து புறப்பட்டு, பாதி உடைந்தும் பாதி தப்பியும் சேலம் ஜில்லாவைத் தாண்டி நம் மாடிப்படிக்கு வந்து நிற்கிறது. வந்து, வந்துவிட்டேன் வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் ஐந்து மார்க் வாங்கிய படத்தை அதன் முகத்துக்கு முன்னால் மாட்டி வைத்து ரசித்துக்கொண்டிருந்தோம்.

சார் போனை எடுத்தார். “குழந்தைவேலு, டெம்போவ அனுப்பிருங்க. அடைப்பு இருக்குது. நாளைக்குக் கம்ப்ரசர் வெச்சு ஊதிப் பாக்கலாம். எத்தன வரும்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. ஆனா இருக்குது.”

“இருக்குதுங்களா?” என்றார் குழந்தைவேலு.

“இருக்குது.”

போனை வைத்த பிறகு சார் என் பக்கம் திரும்பினார். “அம்மா, நான் வாயத் தொறந்துட்டேன். இல்லைன்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன்.” நான் எழுந்து எல்லோருக்கும் டீ போடப் போனேன். அந்த வேலை என்னுடையது இல்லை அப்போது. ஆனாலும் போனேன்.

மறுநாள் கம்ப்ரசர் லாரி போய் ஊதியது. முதலில் சேறு, பிறகு செந்தண்ணீர், மத்தியானத்துக்கு மேல் தெளிந்தது. பெரிய தண்ணீர் இல்லை. தென்னைக்குப் போதாது, மக்காச்சோளத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்றார் குழந்தைவேலு. ஆட்டுக்குப் போதும்.

அம்மிணி அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினாள். பழைய துண்டை ஒட்டக் கூடாது. மங்கலாக இருந்தாலும் புதிதாக வந்ததைத்தான் காட்ட வேண்டும். அதுவும் வராவிட்டால் அந்த இடத்தைச் சாம்பல் நிறமாக வெறுமனே விட வேண்டும். இங்கே நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். போன மாசம் நல்லாத்தானுங்க இருந்துச்சு, இப்ப என்ன கெரகம் புடிச்சுதுங்க உங்க படத்துக்கு என்று ஒருவர் கேட்டார். உங்களிடமும் கேட்பார்கள். படத்தை அழகாக்கச் சொல்வார்கள். அழகாக்க வழியும் உங்களுக்குத் தெரியும், என் காலத்தைவிட நன்றாகவே தெரியும். இல்லாததை வரைந்தே காட்டிவிடுகிற வழியெல்லாம் இப்போது வந்துவிட்டதாமே. அப்படிக் கேட்கிற நாளில் அந்த டெம்போவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றி முடித்ததும் எங்களுக்கு மறுபடி மார்க் போடும் சோதனை வைத்தார்கள். பழையபடி கட்டம் போட்ட காகிதம், பழையபடி நாற்பது படம். முப்பத்தோராவது படம் குழந்தைவேலுவே தன் போனில் எடுத்து, நம் புது வழியில் காட்டிலிருந்து அனுப்பியது. அதே மூங்கில், அதே சிக்னல். படம் படுமோசம். மேல் மூலையில் ஒரு சாம்பல் ஓட்டை, நடுவில் ஒரு சாம்பல் ஓட்டை. ஆடுகளுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள் மட்டும் ஒரு தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. தொட்டிக்கு மேலே குழாய் வாயிலிருந்து ஒரு வெளிச்சக் கீற்று. அது நெளிந்துகொண்டே இருந்தது.

பத்து விநாடிதான். முடிந்த பிறகும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அம்மிணி நான் என்ன போடுகிறேன் என்று பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்க் இரண்டு போட்டேன். அதற்குமேல் அந்தப் படத்துக்கு மனசாட்சியோடு போட முடியாது.

பிறகு குறிப்புக் கட்டத்தில், என் கோணல் எழுத்தில், முதல் தடவையாக எழுதினேன்: தண்ணீர் தெரிகிறது.